குடங்கள் நிறைந்த வீடு

ஆனி 25, தென்காசி.

புதுக்குடித்தனம் வந்து பதினெட்டு நாள். அடுத்த வாரம் மாமனார் விளாத்திகுளத்திலிருந்து வந்து, ஆடிக்குப் பார்வதியை அழைத்துப் போவார். போனவள் திரும்புவாளா என்று எனக்குப் பயம். இந்த வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. படித்த புத்தகம் எதுவும் இதற்கு உதவவில்லை.

இன்றும் விடியுமுன் தண்ணீர் இறைத்து, குடம், அண்டா, என் சவரக் கிண்ணம் வரை நிரப்பிவிட்டாள். பக்கத்து வீட்டு மதினி எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, சாரல் காலத்துல கிணறு எங்கன ஓடிப் போவும்?"

"எங்க ஊர்ல ஓடிரும் மதினி. பிந்திப் போனா சேறுதான்."

"அப்படியா? உங்க அப்பா வரட்டும், குத்தாலத்து அருவிய மூட்டையாக் கட்டிக் குடுத்து விடுதேன்."

பார்வதி சிரித்துவிட்டாள். கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

சாயங்காலம் மூன்றாவது முறை குளித்து, ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"இங்கேருங்க, ஆடி முடிஞ்சு வரும்போது அம்மாவயும் கூட்டிட்டு வரட்டா? ஒரு நாளாவது அவ தலையில வாளி வாளியா ஊத்தணும்."

கூட்டி வா என்றேன். இன்னொரு வாளி வாங்க வேண்டும்.