துடைத்துவிட்ட நெற்றி

அண்ணா,

இன்று காலை லத்தா கடைத்தெருவில் மீன்குழம்பு ஊற்றிய மொய்ங்கா சேமியா சாப்பிட உட்கார்ந்தபோது உன் சாக்ஸஃபோன் கேட்டது. பக்கத்து மேசைக்காரரின் கைபேசியிலிருந்து. எட்டிப் பார்த்தேன். ஹோட்டல் கிளப்பில் உங்கள் குழு ஜாஸ் வாசித்ததை டிவியில் காட்டினார்களே, அதே நிகழ்ச்சி. யாரோ ஒருவர் பழைய டேப்பைத் தேடியெடுத்து, கணினியில் புதுப்பித்துப் போட்டிருக்கிறார். நீ பளபளவென்று இருந்தாய். நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது.

வீடியோவைப் போட்டது யார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

அன்று உன் சாக்ஸஃபோன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நானும் வந்திருந்தேன். காலேஜ் சேர்ந்த புதிது. தயாரிப்பாளர் உன்னிடம் பஞ்சை நீட்டினார். "நெத்தியைத் துடைச்சுக்குங்க. விளக்குல வெள்ளையா அடிக்குது." நீ பஞ்சை வாங்கவில்லை. சாக்ஸஃபோனைக் கழற்றிப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாய். "அப்ப விளக்கைத் தள்ளி வைங்க," என்றாய், குரலை உயர்த்தாமல்.

தள்ளி வைத்தார்கள். ஆனால் பழி வாங்கினார்கள். ஒளிபரப்பில் பியானோக்காரரின் சிரிப்பு வந்தது, பாடகியின் கம்மல் வந்தது. நீ வந்தாய், விரல்களாகவும் செருப்பாகவும். "செருப்பைக் காட்டவா எம் புள்ளைய கூப்பிட்டானுவ?" என்று அம்மா டிவியைப் பார்த்துத் திட்டினாள். நீ தனியாக வாசித்த இடத்தில் மட்டும் வேறு வழியில்லாமல் கேமரா மேலே ஏறியது. அம்மா எழுந்தே விட்டாள். "பாப்பா, துன்னூறு தெரியுது பாரு!"

அந்த ஒரு காட்சியில்தான் இப்போது கை வைத்திருக்கிறார்கள்.

வீடியோ போட்டவரின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். பர்மிய இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். "அது டேப்பில் விழுந்த கீறல் ஆன்ட்டி. குறுக்கே வெள்ளைக் கோடு எங்கே இருந்தாலும் மெஷினே அழித்துவிடும். இப்போ எவ்வளவு சுத்தமா இருக்கார் பாருங்க!"

சுத்தம்! கொரோனாவில் மூச்சுக்குத் தவித்து நீ போன அந்த மழைக்காலத்தில், உனக்குத் திருநீறு பூசக்கூட எங்களை விடவில்லை. இப்போது இருந்ததையும் கீறல் என்று அழித்துவிட்டு, நானே அதைப் பாராட்டவும் வேண்டுமாம்.

"அசல் இருக்கா?"

"இருக்கு. ஆனா ஒரே கோடா இருக்கும், யாரும் பார்க்கமாட்டாங்க."

"அந்தக் கோடுதான் எனக்கு வேணும் தம்பி. அதைத்தான் நீங்க ஊருக்கும் காட்டணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றார். துடைத்த வீடியோவை இன்னும் நீக்கவில்லை. அதன் கீழே பாராட்டுகள் குவிகின்றன. எனக்கு மட்டும் அசலை அனுப்பி வைத்தார். படம் நடுங்குகிறது. திரை முழுக்க வெள்ளைக் கோடுகள் குறுக்கே ஓடுகின்றன. அவற்றில் மூன்று மட்டும் ஓடவில்லை. நீ தலையைச் சாய்த்தால் சாய்கின்றன, நிமிர்ந்தால் நிமிர்கின்றன.

நாளை மறுபடி அவரைக் கூப்பிடுவேன். அதற்கு மறுநாளும். குரலை உயர்த்த மாட்டேன், அண்ணா. விளக்கைத் தள்ளி வைக்கும்வரை விடவும் மாட்டேன்.