விற்றுப்போன சாய்வு நாற்காலி

என்னங்க,

உங்க அண்ணன் வீட்டுல தூக்கம் வருதா? எனக்கு இங்க நம்ம கடையில கை சும்மா இருக்க மாட்டேங்குது. அந்தக் காலத்துப் பீரோவை ஜன்னலோரம் தள்ளினேன், மறுநாளே பழைய இடத்துக்கு இழுத்தேன். தேக்கு மேசைக்கு மறுபடியும் மறுபடியும் பாலிஷ் போடறேன். பக்கத்துக் கடைத் தையல்காரர், "உங்க சாமானுக்கெல்லாம் கால் முளைச்சிருச்சா?"ன்னு கேக்கறார்.

"இந்தக் கடையில விலைபோகாத பழசு நீங்க ஒருத்தர்தான்"னு நான் சொன்னது ஒரு பேச்சுக்கு. அதுக்காகப் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாங்களா?

நீங்க உக்கார்ற பிரம்பு சாய்வு நாற்காலியை ஆளாளுக்கு விலை கேக்கறாங்க. பதில் சொல்லி மாளலை. "விற்றாயிற்று" அட்டையை எடுத்து அதுல கட்டி விட்டுட்டேன். வித்த பொருளை ஒரு வாரத்துக்கு மேல கடையில வெச்சிருக்கக் கூடாதுங்கறது உங்க சட்டம். அட்டை வெயில்ல வெளுத்தே போச்சு.

இன்னைக்கு வந்த டாக்டரம்மா விடறதா இல்லை. "வாங்கினவர் எப்பத்தான் வந்து எடுத்துக்குவார்? வரலைன்னா எனக்குக் குடுங்க"ன்னாங்க.

எழுதிக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லி அனுப்பினேன்.

அதான் எழுதறேன். சனிக்கிழமை அந்தம்மா திரும்ப வருவாங்க. நான் என்ன சொல்லட்டும்?

இப்படிக்கு,
நாற்காலிக்குக் காவல் இருப்பவள்