அப்பாவின் மணிக்கட்டில் சுளுக்கு இல்லை

அண்ணா, இதை யாரிடமும் காட்டாதே. நாளைக் காலை விமானத்தில் மஸ்கட்டுக்குக் கொண்டுவருவது யூசுப் மாமாதான் என்றாலும் அவரிடமும் காட்டாதே. பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாயோடு அப்பா உனக்கு அனுப்பும் புத்தகத்தின் நடுவில் இதை மடித்து வைக்கிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

இங்கே அம்மா நலம், நான் நலம். அப்பாவையும் சேர்த்து அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. பார்சலின் மேலே ஒரு கடிதம் இருக்கும், அன்பு மகன் நிர்மலுக்கு அப்பா எழுதிக்கொள்வது என்று. அது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. புத்தக மூட்டையைத் தூக்கியதில் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது, அதனால்தான் ஸ்வாதி எழுதுகிறாள் என்று அதில் வரும். சுளுக்கு எதுவும் இல்லை. அப்பாவுக்குக் கண் தெரியவில்லை, அண்ணா. ஆள் வருவது தெரிகிறது, எழுத்து தெரியவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, பூந்தமல்லியில் ஒரு வாடகை நூலகத்தை மூடுகிறார்கள், புத்தகமெல்லாம் விற்கிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஆனால் முதலில் போனது கண் மருத்துவமனைக்கு. சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, இந்த மாதக் கடைசிக்குள் ஊசி போட ஆரம்பிக்க வேண்டும், தள்ளிப்போட்டால் போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னார். அப்பா வாசலுக்கு வந்து, காலால் தடவிச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். பிறகு, வா கண்ணு, நல்ல புக்கெல்லாம் காலியாயிடப் போவுது என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அன்றைக்கு அப்பாவுக்கு இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நூலகக்கார நடேசன் ஒவ்வொன்றாக எடுத்துத் தலைப்பை வாசிக்க, அப்பா கண்ணை மூடிக்கொண்டு வை, வேணாம், வை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாட்டு வைத்தியம், சனிக் கிரகம், செட்டிநாட்டுச் சமையல், துப்பறியும் நாவல் ஒன்பது, கிணறு வெட்டுவது எப்படி, தெலுங்கு கற்றுக்கொள்ள ஒன்று, கடற்கொள்ளைக்காரர்களைப் பற்றி அட்டை போன ஒன்று. நடேசன் சிரித்துவிட்டார். இன்னா சார், மாடும் கீது, கிரகமும் கீது, கொள்ளக்காரனும் கீறான், நீ இன்னாதான் ஆவப் போற என்று கேட்டார். எல்லாம் ஆயிட்டுப் போலாம்னுதான் நைனா என்றார் அப்பா. நானும் சிரித்தேன். டாக்டர் சொன்னதை அந்த இரண்டு மணி நேரம் மறந்தே போனேன். அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு அழுகையாக வருகிறது.

மொத்தம் முப்பத்தேழு. புதுப் புத்தகம் வாங்கியதும் முதல் பக்கத்தில் தேதியும் ஊரும் அன்றைய வெயிலோ மழையோ அதையும் எழுதுவாரே, உனக்குத் தெரியும், யாரையும் அதில் பேனா வைக்க விடமாட்டார். அன்றைக்குக் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேனாவை என்னிடம் கொடுத்தார். முப்பத்தேழிலும் நான்தான் எழுதினேன். பூந்தமல்லி, நல்ல வெயில். தினம் பத்துப் பக்கம் நீ எனக்குப் படிச்சுக் காட்டுவியாம், ரெண்டு பேரும் கெட்டிக்காரங்க ஆயிடலாம் என்றார். அப்புறம் என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்து, அம்மாவிடமும் உன்னிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சு வலி என்றதும் நீ வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாய், வேலை போய் எட்டு மாதம் வீட்டில் இருந்தாய். இந்த வேலையிலும் முதல் ஆறு மாதத்துக்குள் ஊருக்கு வந்தால் வேலை போய்விடுமாம், அது முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதாம், அதற்கப்புறம் ஊசி போட்டுக்கொள்கிறாராம். அம்மாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே உனக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார். பாவம் அம்மா, கட்டில்ல நான் படுக்குறதா, உன் புக்கு படுக்குறதா என்று அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கிறார், நான் எப்படிச் சொல்வேன். தலைமேல் அடித்த சத்தியத்தை மீறினால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வாயால் சொல்லவில்லை, எழுதத்தானே செய்கிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். நீ கிளம்பி வராதே. வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது, சுளுக்கு ஆறியதா, உன் கையெழுத்தில் இரண்டு வரி எழுதிப் படம் எடுத்து அனுப்பு என்று மட்டும் கேள். அவராகச் சொல்லும்வரை விடாதே. நீ சொன்னால்தான் ஊசிக்குப் போவார்.

கடிதத்தின் முடிவில் உனக்கு ஆசீர்வாதம் சொல்லிவிட்டு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, மங்கல் வெளிச்சத்தில் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே என்று எழுதச் சொன்னார். அந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. சத்தம் நின்றதை வைத்தே கண்டுபிடித்து, இன்னா கண்ணு நிறுத்திட்ட என்றார். மை தீர்ந்துவிட்டது என்றேன். நீ பார்த்தால் அந்த வரியில் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும்.

பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கதவைத் தாழிட்டு எழுதுகிறேன். கதவுக்கு மேலே கண்ணாடி இருக்கிறதே, டியூப்லைட் வெளிச்சம் கூடம் முழுக்கத் தெரியும், அதனால் அம்மா சந்தேகப்படமாட்டாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள். இதை எப்படி முடிப்பது என்று

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். ஸ்வாதி, கரண்டு போயிடுச்சா, உன் ரூமு இன்னா இருட்டா கீது, மெழுகுவத்தி தரவா என்று கேட்கிறார். அண்ணா, லைட் எரிந்துகொண்டுதான்