போன வருடத்து ரிப்போர்ட்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கும் சுகம், அம்மாவுக்கு வயிற்றில் சின்னப் புண்தான் என்று போன மூன்று கடிதங்களிலும் எழுதினேன். இந்த முறை கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போன் அம்மாவின் தலைமாட்டில்தான் இருக்கிறது.

அம்மா வயிற்றில் இருப்பது நான் எழுதியது போலப் புண் இல்லை. கணையத்தில் கட்டி, ஈரல் வரை பரவிவிட்டது. ரிப்போர்ட் வந்து இரண்டு மாதமாகிறது. டாக்டர் உன் வயதுப் பெண், என்னைத் தனியே அழைத்துச் சொன்னாள். குணமாகாது, ஆனால் மருந்து ஏற்றினால் சில மாதங்கள் கூடக் கிடைக்கலாம், வலியும் குறையலாம், வேணுமா வேண்டாமான்னு அவங்கதான் சார் சொல்லணும், நீங்க சொல்றீங்களா நான் சொல்லட்டுமா என்றாள். நானே சொல்கிறேன் என்று ரிப்போர்ட் ஃபைலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கண் மங்கிய பிறகு அம்மாவுக்கு எல்லாவற்றையும் நான்தானே வாசிக்கிறேன். அன்று மாலை முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, ம், ஆரம்பிங்க, பாடம் நடத்துற மாதிரி இழுக்காதீங்க என்றாள். ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி வைப்பேன், உனக்குத் தெரியும். மேல் தாளைப் புரட்டிவிட்டு, அதற்குக் கீழே இருந்த போன வருடத்துத் தாளை வாசித்தேன். ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. பாத்தீங்களா, நீங்கதான் சும்மா பயந்து சாகறீங்க என்று சிரித்தாள்.

அடுத்த வாரம் டாக்டர் மருந்தைப் பற்றிக் கேட்டபோது, வேண்டாம்மா, வீட்டுக்குப் போறேன் என்றுவிட்டாள். எல்லாம் தெரிஞ்சுதானே சொல்றீங்க என்று டாக்டர் கேட்டாள். இவரு படிச்சுக் காட்டிட்டாரு, முப்பத்தாறு வருஷம் அச்சாபீஸ்ல பிழை பாத்த மனுஷன், ஒரு எழுத்து விடமாட்டாரு என்றாள் அம்மா. டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். வேண்டாம் என்ற படிவத்தில் அம்மா தடவித் தடவிக் கையெழுத்துப் போட்டாள்.

போன வியாழக்கிழமை மனது கேட்காமல் தனியாகப் போய் டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அவள் திட்டவில்லை. இப்ப அந்த மருந்தை அவங்க உடம்பு தாங்காது சார், வலிக்கு மட்டும் மாத்திரை தரேன், ஆறு வாரம் இருக்கலாம் என்றாள். இனி உண்மையைச் சொன்னாலும் அம்மா முடிவு செய்ய ஒன்றும் மிச்சமில்லை. பயந்தேன் என்பதைத் தவிர எனக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை.

அம்மா உனக்கு எழுதச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். அவசரப்பட்டு இப்ப வரவேண்டாம், பிள்ளைக்கு லீவு விட்டதும் வா, அதுக்குள்ள நான் எழுந்து நடமாடிடுவேன் என்றாள். லீவுக்கு ஐந்து மாதம் இருக்கிறது. நீ திடீரென்று வந்து நின்றால் அவளுக்குப் புரிந்துவிடும், வராவிட்டால் பார்க்க முடியாது. அவளைக் கேட்காமல் முடிவு செய்தது போல உனக்கும் செய்ய மாட்டேன். நீயே முடிவு செய்.

வேளைக்குச் சாப்பிடு, நீயும் பிள்ளைகுட்டியோடு நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். போன் செய்தால் இது எதையும் பேசாதே. உறையை ஒட்டுமுன் அம்மா கடிதத்தை வாசிக்கச் சொல்வாள். அவளுக்கு வாசிக்க வேண்டியதை வேறொரு தாளில் எழுதி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா