ரிஜெக்ட் மேடு

டயரைத் துடைத்துக்கொண்டிருந்தேன், பால்கனி முழுக்கத் தார் வாசனை. மண்ணெண்ணெய்க்கு இந்தக் காலத்தில் எங்கே போவது? என் வீட்டுக்காரர் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்து, "தலைக்கு வாங்கினது, கொஞ்சமாத் தேய்" என்று சொல்லிவிட்டுப் போனார். நம் சைக்கிள்கள் இந்த வீட்டுக்குள் என்னென்னவோ கொண்டுவந்திருக்கின்றன. செம்மண், சாணம், ஒருமுறை உயிரோடு ஒரு மரவட்டை. தார் வந்ததே இல்லை. தார் ரோட்டில் ஏறினாலே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவள் மாதிரி கூசுவாயே, உன் அந்த முகம் நினைவுக்கு வந்துவிட்டது. எண்ணெய்க் கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் மேட்டுக்குத் தார் போடுகிறார்கள்.

ஆனேக்கல் தாண்டி, தளிப் பக்கம் காட்டை ஒட்டி ஏறும் அந்தச் சரளைப் பாதைக்கு ஊர்க்காரர்கள் பெயர் வைக்கவில்லை. நாம்தான் வைத்தோம், ரிஜெக்ட் மேடு என்று. ஹெப்பகோடித் தொழிற்சாலையில் குவாலிட்டி செக்‌ஷனில் இருந்துகொண்டு, மயிரிழை பிசகினாலும் உருப்படியைத் தூக்கி ரிஜெக்ட் தொட்டியில் போடுகிறவள் நீ. அந்த வியாதியை மலைக்கும் கொண்டுவந்தாய். ஏறும்போது கால் தரையில் பட்டால் அந்த ஏற்றம் ரிஜெக்ட். பட்ட இடத்திலிருந்து தொடரக்கூடாது. திருப்பிக்கொண்டு அடிவாரத்துக்குப் போய் முதலிலிருந்து மிதிக்க வேண்டும்.

"யாருடீ போட்ட சட்டம் இது?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"நான்தான். கம்ப்ளெயின்ட் இருந்தா எழுதிக் குடு, நானே விசாரிக்கிறேன்."

நம் அபார்ட்மென்டுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது, ஐம்பதைத் தாண்டிய இரண்டு ஆன்ட்டிகள் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் அரை டிராயர் போட்டுக்கொண்டு எங்கோ போகிறார்கள் என்பது மட்டும்தான். செகரட்டரி மனைவியைக் கேட்டால் நமக்கு எங்கேயோ ரகசியமாக ஒரு பண்ணை வீடு இருந்தது. நீ போன மறுவாரம் லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "சைக்கிள் மிதிச்சு மிதிச்சே ஹார்ட்ல வந்துடுச்சாமே?" இல்லை, மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது, கேன்டீனில் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கும்போது, சைக்கிளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். "அப்ப பித்தமா இருக்கும்" என்றார். நீ இருந்திருந்தால் லிஃப்ட் நின்ற பிறகும் சிரித்துக்கொண்டிருப்பாய். நான் ஒருத்தியாகச் சிரிக்கப் பார்த்தேன், பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது.

அதற்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. மழை, முட்டி வலி, மாமியார் வருகை என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. போன வாரம் யாரோ வாட்ஸ்அப்பில் போட்டார்கள், அங்கே ஜல்லி கொட்டிவிட்டார்கள், ரோலர் வந்துவிட்டது என்று. இன்று காலை போய் நின்றேன்.

அடிவாரத்தில் ரத்னம்மாவின் டீக்கடை அப்படியேதான் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே ரோலர், தார் கொதிக்கும் வண்டி, புகை. ரத்னம்மா என்னைப் பார்த்ததும், "என்னக்கா, ஆளையே காணோம். அந்த இன்னொரு தொப்பிக்கா எங்க?" என்றாள். சொன்னேன். பாலை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"மேல போவாங்க, திரும்பிக் கீழ வருவாங்க, மறுபடி மேல போவாங்க. நான் என் டீக்காகத்தான் வர்றாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்க்கா."

அதை நான் திருத்தவில்லை. உன் மொத்த சைக்கிள் வாழ்க்கையில் கிடைத்த ஒரே நல்ல பெயர் அதுதான்.

நான் தார் வண்டியை முறைத்துக்கொண்டிருந்ததை அவள் கவனித்துவிட்டாள். "எதுக்கு அந்த மூஞ்சி? மேல இருக்குற ஊர்லருந்து என் மருமகள வலி எடுத்தப்ப இந்தக் கல்லு மேலதான் பைக்ல வெச்சுக் கூட்டியாந்தோம். உங்களுக்குக் கல்லு ரோடு அவ்ளோ புடிக்குதுன்னா உங்க லேஅவுட்ல போட்டுக்கோங்க."

டீயைக் குடித்தேன். ரோடு அவளுக்கு வேண்டும், அது நியாயம். எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஏற்றம். நீ ஏறி முடிக்காததை, நான் என்றைக்குமே பாதி தாண்டாததை, தார் மேலே போய்ச் சேருவதற்குள் கால் ஊன்றாமல் ஏறிவிட வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

டயரில் காற்றை இறக்கினேன். முதல் முதலில் உன்னோடு வந்த அன்று, கரடுமுரடான பாதையாயிற்றே என்று டயரைக் கல் மாதிரி அடித்துக்கொண்டு வந்தேன், நினைவிருக்கிறதா? கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாய். "இது சைக்கிளா, அம்மிக்கல்லா? ரோடு கெடக் கெட காத்தக் கொறைக்கணும்டீ" என்று நீயே புஸ்ஸென்று இறக்கிவிட்டாய். அதற்கு முன்னால் நான் போய் வந்த பாதி தூரத்துக்கு என் பல்லெல்லாம் ஆடிப்போயிருந்தது.

முதல் தடவை சரளை சறுக்கிக் கால் ஊன்றினேன். ரிஜெக்ட். இரண்டாவது தடவை, பாதை நடுவில் படுத்திருக்கிறதே அந்தப் பாறை, அதை வெறித்துக்கொண்டே போய் அதிலேயே முட்டினேன். "கல்லப் பாக்காத. கல்லப் பாத்தா சைக்கிள் கல்லுகிட்டதான் போவும். நீ போவ வேண்டிய எடத்தப் பாரு" என்று பின்னாலிருந்து கத்துவாய். நான் போக வேண்டிய இடம் கட்டில் என்று பதிலுக்குக் கத்துவேன். இன்று பதில் சொல்ல ஆளில்லாததால் சொன்னபடி செய்தேன். மூன்றாவது தடவை பாறைக்கு மேலே தெரிந்த புங்க மரத்தைப் பார்த்தேன். சக்கரம் ஏறியது. அடியே, பாறையைத் தாண்டிவிட்டேன்! நாக்கு வெளியே தொங்க, இடுப்பு கழன்றுவிடும் போல, ஆனால் போய்க்கொண்டே இருந்தேன். உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. அந்தக் கடைசி வளைவில் ஒரு மொபெட், இரண்டு பக்கமும் பால் கேன், நேராக இறங்கி வந்தது. ஒதுங்க இடமில்லை. கால் ஊன்றினேன்.

"ஏறிட்டீங்கக்கா! அவ்ளோதான், இன்னும் நாலு மிதி" என்று பால்காரர் கைதட்டாத குறையாகச் சொன்னார்.

உனக்கும் அதே இடத்தில்தான் ஆடுகள் வந்தன. ஒரு மந்தை, உன் முன் சக்கரத்தை உரசிக்கொண்டு. ஊன்றிவிட்டாய். "ஆடு வந்தா நீ என்ன பண்ணுவ, இது கணக்குல சேரும்" என்று நான் கீழேயிருந்து கத்தினேன். "ஆட்டுக்காக ஒரு பாஸ் போட்டா நாளைக்கு மாட்டுக்காகவும் போடணும்" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளைத் திருப்பிவிட்டாய். அன்றைக்கு அதற்கப்புறம் உனக்குத் தெம்பில்லை. மழை விடட்டும், வருவோம் என்றாய். மழை விட்டது, நீ வரவில்லை.

நான் சைக்கிளைத் திருப்பினேன். பால்காரருக்குப் புரியவில்லை.

"என்னக்கா, கீழ ஏதாவது விழுந்துடுச்சா?"

"ஆமாங்க" என்றேன்.

நாலாவது தடவை பாறைக்கு முன்னாலேயே தொடை நடுங்கி, பக்கவாட்டில் ஒரு மூட்டை மாதிரி சாய்ந்தேன். ரோலர்க்காரர்கள் ஓடி வந்து தூக்கிவிட்டார்கள். அவர்களுடைய தார்தான் டயரில் ஒட்டிக்கொண்டு வந்தது. மேஸ்திரி மரியாதையான மனுஷர், சேலம் பக்கம். "பத்து நாள் கழிச்சு வாங்க மேடம். வழவழன்னு இருக்கும், பாப்பாகூட ஏறிடும்" என்றார். அந்தப் பாறையை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நாளைக் காலை டீக்கு அப்புறம் ஜேசிபி வந்து பெயர்த்துவிடும் என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னதும் வீட்டுக்காரர், "நாலு மிதிதானே? ஏறியாச்சுன்னே வெச்சுக்கோயேன், யாரு பாத்தா?" என்றார். பாவம், அவர் அன்பாகத்தான் சொன்னார். உன் தைரியம் எனக்கு வரவில்லை, உன் தொடையும் வரவில்லை. கால் தரையில் பட்டதும் ஹேண்டிலைத் திருப்பும் கை மட்டும் வந்துவிட்டது. மூளை கணக்குப் போடுவதற்குள் அது திருப்பிவிடுகிறது. இதை வைத்துக்கொண்டு அலுவலகத்தில்கூட வம்பாகிவிட்டது. போன மாதம் ஒரே ஒரு பிழைக்காக ஒரு முழு அறிக்கையை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் செகரட்டரி மனைவி தெரிந்தார்.

நாளைக்கு வயிற்றுப்போக்கு என்று லீவு சொல்லியாகிவிட்டது. வயிற்றுப்போக்கு என்றால் யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. இருட்டு பிரிவதற்குள் அடிவாரத்தில் இருப்பேன். விழுந்தால் திரும்பிப் போவேன், மறுபடி வருவேன். ஜேசிபி முந்திக்கொண்டு வந்துவிட்டால் அதற்கு எதிரே சைக்கிளை நிறுத்தி, ஒரே ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மேஸ்திரியைக் கேட்பேன். அந்தத் தடவையும் கால் பட்டுவிட்டால், கீழே போய்விட்டு வந்து, இன்னும் ஒரே ஒரு தடவை என்று கேட்பேன்.