பாஞ்சாலியின் இரண்டாவது படம்

காக்ஸ் டவுன், பெங்களூர்
6-4-1958

அன்புள்ள காந்தாவுக்கு,

தியோடர் எழுதுவது. ஈஸ்டர் ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். மூன்று வருஷமாகக் கிறிஸ்துமஸ் கார்டைத் தவிர ஒன்றும் அனுப்பாதவனின் கடிதத்தை நீ பிரித்தாயே, அதுவே போதும்.

போன மாதம் பிரேசர் டவுனில் ஆசிரியைப் பயிற்சி முடிக்கும் மாணவிகளைத் தனித்தனியாகப் படம் எடுத்தேன். முப்பத்திரண்டு பேர். அதில் அடுகோடியிலிருந்து வரும் பாஞ்சாலி என்ற பெண்ணுக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. வழக்கம்போல நெகட்டிவில் பென்சில் வைத்து ஒன்று விடாமல் மறைத்தேன். இரண்டு நாள் வேலை. எனக்கே பெருமையாக இருந்தது.

புதன்கிழமை அவள் படத்தோடு திரும்பி வந்தாள். "எங்கப்பா பார்த்துட்டு, இது யாரு, உன் கூட படிக்கிற பொண்ணான்னு கேட்டாரு சார்" என்றாள். நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். அவள் கோபப்படவில்லை. "எனக்கு அம்மை கண்டப்போ இருபது நாள் பக்கத்துலயே உக்காந்திருந்தவரு சார் அவரு. ஒவ்வொரு தழும்பும் அவருக்குத் தெரியும்."

உன் உதட்டோரம் தோல் வெளுத்து வெள்ளை விழுந்தபோது நான் எங்கே உட்கார்ந்திருந்தேன்? பவுடர் வாங்கி வந்தேன். நம் ஐந்தாவது கல்யாண நாள் படத்தில் அந்த வெள்ளையைப் பிரஷ்ஷால் மூடி, முன்னறையில் மாட்டி, உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ பேசவில்லை. அடுத்த மாதம் தங்கவயலில் பள்ளிக்கூட வேலை கிடைத்திருக்கிறதென்று புறப்பட்டாய். வேலைக்குத்தான் போயிருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, நானும் நம்பிவிட்டேன்.

உன்
தியோடர்


கோலார் தங்கவயல்
15-4-1958

மதிப்பிற்குரிய உங்களுக்கு,

காந்தா எழுதிக்கொள்வது. கடிதம் கிடைத்தது. இங்கே அண்ணன் அப்பாதுரை வீட்டில் எல்லோரும் சுகம். அண்ணன் சுரங்கத்துக்கு ஷிப்ட் போனபிறகு வீடு அடங்கிவிடும். அப்போது இன்னொரு முறை படித்தேன்.

அன்றைக்கு ஏன் பேசவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக நின்றிருந்தீர்கள். இந்த முகத்தோடு நான் எதிரில் நிற்கிறேன், நீங்கள் சுவரில் இருந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். அதற்கு நான் என்ன சொல்லியிருக்க முடியும்?

அந்தப் பெண்ணுக்கு மறுபடி எடுத்துக் கொடுத்தீர்களா? நம் படம் இன்னும் அங்கேதான் மாட்டியிருக்கிறதா? டார்க் ரூமிலேயே அடைந்து கிடக்காதீர்கள். உங்களுக்குத்தான் இருமல் சீக்கிரம் பிடித்துக்கொள்ளுமே.

இப்படிக்கு,
காந்தா


காக்ஸ் டவுன்
4-5-1958

அன்புள்ள காந்தாவுக்கு,

எடுத்துக் கொடுத்துவிட்டேன். விளக்கெல்லாம் போடாமல் ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்தேன். பிரிண்ட் போடும் வரைக்கும் கை பென்சிலைத்தான் தேடியது. பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வாங்கிப்போக அவள் அப்பா பெருமாள்சாமியும் வந்திருந்தார். பட்டறையிலிருந்து நேராக வந்ததால், கரி படுமென்று படத்தைக் கையில் வாங்கவில்லை. மகளைப் பிடிக்கச் சொல்லி, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இது எம் பொண்ணு" என்றார். அவ்வளவுதான். இன்னொரு பிரதி போட்டு, கடை ஷோகேஸின் நடுவில் வைத்திருக்கிறேன்.

நம் படத்தை இறக்கிவிட்டேன். அது இருந்த இடத்தில் மட்டும் சுவர் வெளுப்பாக இருக்கிறது. ஒரு வேளை சமைத்து இரண்டு வேளை சாப்பிடுகிறேன். சாயங்காலம் கடையைச் சாத்தியபிறகு யாரோடும் பேச்சில்லை. போன ஞாயிறு ஆராதனையில்தான் கவனித்தேன், அன்று நான் முதல்முறையாக வாய் திறந்ததே பாட்டுக்காகத்தான்.

ஜூனில் வந்துவிடு. உன்னையும் அந்த ஜன்னலோரம் உட்காரவைத்து, எதையும் மறைக்காமல் ஒரு படம் எடுக்கிறேன். அதை முன்னறையில் மாட்டுவோம். தேதியை மட்டும் எழுது, கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன்.

உன்
தியோடர்


கோலார் தங்கவயல்
18-5-1958

மதிப்பிற்குரிய உங்களுக்கு,

பெருமாள்சாமி குனிந்து பார்த்ததை நீங்கள் எழுதியிருந்த இடத்தில் அழுதேன். நல்ல காரியம் செய்தீர்கள். ஷோகேஸில் வைக்க அந்தப் பெண்ணிடம் கேட்டீர்களா? கேட்டிருக்காவிட்டால் கேளுங்கள்.

வெள்ளை இப்போது இரண்டு கன்னத்திலும் பரவிவிட்டது. இது உங்களுக்குத் தெரியாது; நீங்கள் கேட்கவும் இல்லை. வகுப்பில் முதல் நாள் பிள்ளைகள் அது என்னவென்று கேட்டார்கள். சொன்னேன். பிறகு வாய்ப்பாடு ஒப்பிக்கப் போய்விட்டார்கள். பவுடர் போடுவதை அன்றோடு விட்டேன்.

நீங்கள் மாறியிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன், பொய்யில்லை. ஆனால் நான் வந்தால், காப்பி கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் உங்கள் கண் எங்கே நிற்கிறதென்று பார்த்துக்கொண்டிருப்பேன். தெருவில் சத்தம் கேட்டு நீங்கள் திரும்பினால்கூட, என்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் திரும்பினீர்கள் என்று தோன்றும். அப்படித்தான் கடைசி இரண்டு வருஷம் உங்களோடு இருந்தேன். இங்கே அண்ணன் வீட்டில் ஆட்கள் இருந்தும் தனியாகத்தான் இருக்கிறேன், சில நாள் மிகவும் தனியாக. ஆனாலும் யார் கண்ணையும் காவல் காக்க வேண்டியதில்லை.

வேலையை நிரந்தரமாக்கும் தாளில் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜூனில் ஸ்டேஷனுக்கு வந்து நிற்க வேண்டாம்.

உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கும்,
காந்தா