கதவை உடைத்த நபர்

பெல் ஃபோர்க், இல்லினாய்
அக்டோபர் 9

அன்புள்ள டெலியா,

இங்கே நானும் அப்பாவும் சௌகரியமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். இல்லையென்றாலும் சௌகரியம் என்றே பதில் எழுது, கெட்ட செய்தி வந்தால் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. சோயா அறுவடை முடிந்தது. கிழட்டு நாய் டஸ்டி போன வாரம் செத்துவிட்டது, கொட்டகைக்குப் பின்னால் புதைத்தோம், அப்பா இரண்டு நாள் சாப்பிடவே இல்லை. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட வேளை தவறாமல் சாப்பிட்ட மனுஷர், அதனால்தான் எனக்குப் பயமாகிவிட்டது.

அப்பா போட்ட கேஸ் உனக்குத் தெரிந்திருக்கும், நீ பேப்பர் படிக்கிறவள்தானே. நம் வீட்டில் இருப்பது மாதிரி, ஒன்று சுட்டதும் அடுத்த குண்டு தானாக ஏறும் ரைஃபிள்களை இனி வாங்கவோ விற்கவோ கூடாது என்று சிகாகோக்காரர்கள் சேர்ந்துகொண்டு மாநிலம் முழுக்கச் சட்டம் போட்டுவிட்டார்கள். அது அரசியல் சாசனத்துக்கே விரோதம் என்று அப்பாவும் இன்னும் நாலு பேரும் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜனங்கள் வீட்டைக் காப்பாற்ற நிஜமாகவே இந்த ரைஃபிளை எடுக்கிறார்களா என்ற கேள்வியிலேயே நீதிபதி நிற்கிறாராம். நம் வக்கீல் ஹாஸ்கல் சர்ச் மீன் விருந்தில் ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டுப் பார்த்தார். ஊரில் பாதி வீட்டில் இருக்கிறது, சுட்டதெல்லாம் தகர டப்பாவையும் நரியையும்தான், ஒருத்தன் தன் டிராக்டரையே சுட்டிருக்கிறான். திருடனைச் சுட்டவர் ஒருவர்கூட இல்லை. அப்போதுதான் ஷெரிஃப் ஆபீசின் பழைய ரிப்போர்ட் ஒன்று அவர் கையில் சிக்கியது. வீட்டுக்கே வந்து அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தன நாளா இதச் சொல்லாம இருந்துட்டீங்களே சார், உங்கள மாதிரி ஒருத்தருக்குத்தான் நான் தவம் கெடந்தேன்" என்றார். அப்பாவுக்குப் பெருமையில் முகமெல்லாம் சிவந்துவிட்டது. அவரை ஒருவர் பாராட்டி எத்தனை வருஷம் ஆகிறது.

ஆமாம், நீ வந்த அந்த நன்றித் திருநாள் விவகாரம்தான். சொல்லாமல் கொள்ளாமல் பட்டப்பகலில் வந்து நின்றாய், பூட்டை மாற்றியது உனக்குத் தெரியாது, பின்கதவுக் கண்ணாடியை உடைத்துக் கையை உள்ளே விட்டாய். அப்பா ரைஃபிளை எடுத்துவிட்டார், அந்தக் கைதான் போனது. கிளறுவதற்காக நான் இதை எழுதவில்லை. கோர்ட்டில் கொடுக்க வக்கீல் எழுதிய சாட்சிப் பத்திரத்தில் உன் பெயர் வராது, மகள் என்றும் வராது, 'கதவை உடைத்து நுழைந்த நபர்' என்று மட்டும்தான் வரும், நடந்தது அப்படித்தான் என்று நீ கையெழுத்துப் போட வேண்டும். அரசாங்க வக்கீல்கள் உன்னைத் தேடி போர்ட்லண்டுக்கே வந்தார்களாமே. "அந்தப் பொண்ணு அவங்க பக்கம் போயிட்டா நாம காலி" என்று ஹாஸ்கல் தினமும் போன் செய்கிறார்.

ஒன்று மட்டும் எழுதாதே. நீ "அப்பா, நான்தான்" என்று கூப்பிட்டாய். துணி துவைக்கும் அறையில் இருந்த எனக்கே கேட்டது. அப்பா நின்றது கதவுக்கு ஆறடியில். அவருக்குக் கேட்டதா என்று இந்த மூன்று வருஷத்தில் நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஷெரிஃப் விசாரித்தபோது நீ, "நான் கொரல் குடுக்கல, தப்பு என்னோடதுதான்" என்று சொல்லிவிட்டாய். பிறந்ததிலிருந்து இந்தக் குடும்பத்துக்கு நீ செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் பொய்தான், டெலியா. அதையேதான் எழுத்தில் கேட்கிறோம், புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு உன்மேல் கோபம் இல்லை. உன் போட்டோவைப் பார்த்தால் அந்தச் சட்டைக் கை காலியாகத் தொங்குவதுதான் கண்ணில் படுகிறது, அதனால் இனி அனுப்ப வேண்டாம்.

அங்கே ஓயாத மழையாமே, தலை நனையாமல் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வருவதானால் முதலில் போன் செய், முன்வாசலுக்கு வந்து மணியை அடி, ரைஃபிள் அதே இடத்தில்தான் இருக்கிறது. தபால்தலை ஒட்டிய உறையையும் பத்திரத்தையும் இதோடு வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வந்துசேர வேண்டும். இடது கையால் கோணல்மாணலாகப் போட்டாலும் கையெழுத்து செல்லும் என்று வக்கீல் விசாரித்துச் சொல்லிவிட்டார், அதைச் சாக்குச் சொல்லாதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா
வெர்னா